நாலாம் மாடி அத்தை நடித்த திகில் படம்

பதினேழு வயதுவரை எந்தப் படத்தையும் முடிவு தெரியாமல் நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் கட்டடத்து நாலாம் மாடி அத்தை.

விசிடியைப் பெட்டிக்குள் தள்ளும்போதே சொல்லிவிடுவார். "இவன் கடைசில பொழைச்சுக்குவான். கூடவே திரியிற அண்ணங்காரன்தான் கெட்டவன். இப்ப நிம்மதியாப் பாருங்க." யாராவது முகத்தைச் சுளித்தால் அத்தைக்குப் பொறுக்காது. "நடுவுல மீ பியெத்துருச்சுன்னா என்னா செய்வே? பொழைச்சானா செத்தானான்னு தெரியாம வீட்டுல போய் புரண்டுக்கிட்டுக் கெடப்பியா?" என்பார். மீ பியெத்து என்றால் கரண்டு போவது. ரங்கூனில் அது போகும் நேரமும் வரும் நேரமும் யாருக்கும் தெரியாது. வந்தால் தெரு முழுக்க ஒரே குரலில் கூச்சல் எழும். அத்தை வீட்டில் நாங்கள் பார்த்த படங்களில் பாதிக்குமேல் பாதியில் நின்றவைதான். அந்த வகையில் அத்தை பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இருந்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

செய்தி சொல்வதும் அப்படியே. மாடிப்படியில் முதலில் குரல் வரும்: "எல்லாரும் நல்லாருக்காங்க!" பிறகு அத்தை வருவார். பெரிய உடம்பு, கன்னத்தில் அப்பிய தனக்கா மரப்பட்டைச் சாந்து, வாயில் வெற்றிலை. அவர் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் இரண்டாம் மாடிச் சீனர் வீட்டில் குழாய் உடைந்து படியெல்லாம் தண்ணீர் என்ற விஷயம் வரும். ஒருமுறை என் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த அத்தை அம்மாவிடம் சொன்ன முதல் வாக்கியம், "ஆறு வாரத்துல கட்டைப் பிரிச்சிருவாங்க, சோறெல்லாம் நல்லாத் திங்கிறாரு" என்பது. யாருக்குக் கட்டு, எங்கே கட்டு என்று அம்மாவுக்கு விளங்கவே கால் மணி நேரமானது. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பார்க்கத் துணைக்குப் போன இடத்தில், காப்பி வருவதற்குள், "எங்களுக்குப் புடிச்சிருக்கு. இப்பப் பொண்ணைக் கூப்பிடுங்க" என்று சொன்னவரும் இதே அத்தைதான். மாப்பிள்ளையின் அப்பா வீடு திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லையாம். அந்தக் கல்யாணம் நடந்தது, இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அத்தையின் தொழில் சமூசா. விடிந்ததும் மடிக்க உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் கீழே இருக்கும் டீக்கடைக்குக் கூடை இறங்கிவிடும். எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். மேல் முனையில் சின்ன மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரைச் செருகிவிட்டுக் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். நாலு மாடி ஏறி இறங்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

எங்கள் படத்துக்குக் கதை அந்தக் கயிற்றிலிருந்துதான் கிடைத்தது.

அப்போது ரங்கூனின் லத்தா பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மீடியா என்று ஒரு பாடம் இருந்தது. அதற்கு ஆண்டிறுதி வேலை, இரண்டு பேர் சேர்ந்து ஒரு திகில் படத்தின் தொடக்கத்தை எடுக்க வேண்டும். முழுப்படம் இல்லை, முதல் இரண்டு நிமிடம் மட்டும். பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும், அடுத்து என்ன என்று தவிக்க வேண்டும். இதில் தவறினால் அடுத்த வகுப்பு கிடையாது. தவறினால் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டுத் தட்டச்சு வகுப்பில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் அப்பாவுக்குத் தட்டச்சு மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

என் கூட்டாளி சூசூ. பர்மியப் பெண், வீடு ஊரின் மறுகோடியில் தாகேதாவில். அவளிடம் மாமா கொடுத்த கேமரா இருந்தது, என்னிடம் கதை இருந்தது. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண். மணி அடிக்கிறது. பால்கனிக்கு வந்து குனிந்து பார்க்கிறாள், கீழே யாரும் இல்லை. மறுபடி மணி, மறுபடி யாரும் இல்லை. மூன்றாவது முறை கயிற்றை இழுத்துத் தூக்குகிறாள். கிளிப்பில் அவள் வீட்டுச் சாவி. திரும்பிப் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது. அடுத்து, தரையில் அசையாமல் கிடக்கும் இரண்டு கால்கள். அவ்வளவுதான். எழுதி முடித்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. இந்த ஊரில் என்னைப் போல் மூளைக்காரி இல்லை என்று இரண்டு நாள் நடந்துகொண்டேன்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு அத்தையைவிடப் பொருத்தம் யார்? கணவர் எப்போதோ இறந்துவிட்டார், மகன் மலேசியாவில் வேலை பார்த்தார். வீடும் எங்களுக்கு வேண்டிய நாலாம் மாடி. கேட்டதும் அத்தை உடனே சம்மதித்தார். ஆனால் ஒரு கேள்வி.

"என்னைக் கொல்றது யாரு?"

"அது தெரியாது அத்தை. இது ஆரம்பம் மட்டும்தான்."

"யாரு கொல்றான்னு தெரியாம நான் எப்படி பாப்பா சாவுறது?"

சமூசா மடித்த கை நின்றுவிட்டது. கதை சொன்னால்தான் நடிப்பு என்றார். வேறு வழியில்லாமல் சூசூ அந்த இடத்திலேயே ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்தாள். தம்பி, சொத்துக்காக. நான் தமிழில் சொன்னேன்.

"எனக்குத் தம்பியே கெடையாதே. சரி, இருக்கட்டும். போலீசு புடிச்சிருமா?"

"புடிச்சிரும் அத்தை."

"அப்பச் சரி" என்று மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் நாங்கள் தொலைந்தோம். சனிக்கிழமை காலை கேமராவை வைத்தோம். மணி அடித்ததும் அத்தை பால்கனிக்கு வந்து, கோழிக்குத் தீனி போட வந்தவர் மாதிரி கீழே எட்டிப் பார்த்தார். பயப்படுங்கள் என்றால் கண்களை அகல விரிப்பார், உதடு சிரிக்கும். "அவன்தான் மாட்டிக்கிறானே பாப்பா, எனக்கு எங்கே பயம் வருது?" என்பார். கீழே டீக்கடைக்காரர் கயிற்றை இழுக்கும் வேலையை ஏற்றிருந்தார். ஒவ்வொரு முறை இழுத்ததும் அத்தை அவருக்கு நன்றி சொன்னார். நடுவில் எதிர்வீட்டுப் பெண் என்ன நடக்கிறது என்று பர்மியில் கேட்க, அத்தை பால்கனியிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்படி, தான் செத்துப்போவதையும் தம்பி பிடிபடுவதையும் அறிவித்துவிட்டார். பதினொரு முறை எடுத்தோம். செத்துக் கிடக்கும் காட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சூசூ தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்ததைச் சயாமாவிடம், எங்கள் ஆசிரியையிடம், போட்டுக் காட்டினோம். நல்ல மனுஷி, கத்த மாட்டார், கத்தியிருந்தால் தேவலாம். "இந்த அம்மா விருந்தாளிக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறார். இதைக் கொடுத்தால் தேறாது. பத்து நாள் தருகிறேன், அந்த முகத்தை மாற்றிக் கொண்டுவாருங்கள்" என்றார். பத்து நாளில் வேறு ஆள், வேறு வீடு கிடைக்காது. தெருவில் கேமராவோடு நின்றால் ஆளாளுக்கு வந்து விசாரிப்பார்கள். அத்தை முகம்தான் மாற வேண்டும்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். ரப்பர் பாம்பு வைத்தோம், வாலைப் பிடித்துத் தூக்கி எங்களிடமே கொடுத்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து கத்தினோம். "மெதுவா, தொண்டை கட்டிக்கும்" என்றார். அத்தைக்கு எதற்கும் பயம் கிடையாது என்று சூசூ முடிவு கட்டினாள். எனக்குத் தெரியும், ஒரு விஷயத்துக்கு மட்டும் உண்டு. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீடு முதல் மாடி. கட்டடத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். கைபேசி அப்போது பெரிய இடத்துச் சமாச்சாரம். அத்தையின் மகன், எனக்கு அண்ணன் முறை, ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் நாங்கள் கீழே ஓடி அத்தை வீட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். அதற்கு அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் "நல்லாருக்காரு!" என்று கத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் போன் என்ற சொல்லே வரலாம். அம்மா, அப்பா, நான், யாராக இருந்தாலும் இதுதான்.

அன்று புதன்கிழமை. சூசூ எதிர்க் கட்டடத்தில் தையற்காரர் வீட்டுப் பால்கனியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தாள். நான் கீழே வந்து கயிற்றை இழுத்தேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"அத்தே! மலேசியாலேருந்து போன்!"

அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த முகத்தை நான் கீழிருந்து பார்த்தேன். கன்னத்துத் தனக்காவுக்கு அடியில் ரத்தம் வடிந்துபோன மாதிரி ஆனது. கை கம்பியைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்லுவேன் என்று என் வாயையே பார்த்தார். பிறகு காணாமல் போனார். படியில் அவர் வரும் சத்தம் கட்டடமெல்லாம் கேட்டது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு மூன்று மாடியை எப்படி அவ்வளவு வேகமாக இறங்கினார் என்று இன்றும் தெரியவில்லை. செருப்பில்லை, கையெல்லாம் மாவு.

நான் உள்ளே நுழைந்தபோது அத்தை எங்கள் போனின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"ஒன்னுமில்ல அத்தே. போனே வரல. படத்துக்காகச் சும்மா சொன்னேன்."

அத்தை என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவே வந்திருந்தேன்.

"அப்ப, அவன் நல்லாருக்கானா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? போன்தான் வரவில்லையே. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அம்மா அகப்பையை எடுத்து என் முதுகில் ஒன்று வைத்தார். இன்னும் நாலு வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் சூசூ கேமராவில் போட்டுக் காட்டினாள். அவள் துள்ளிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு காட்சி, தொழில்காரர்கள்கூட எடுத்திருக்க மாட்டார்கள். தேறிவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் மலேசியாவுக்கு நாமாகக் கூப்பிடுவது லேசில்லை. அண்ணனுக்கும் சொந்தமாக எண் கிடையாது, எங்கிருந்தோ வரிசையில் நின்று பேசுவார். ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியதுதான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் படியில் அத்தையின் குரல் கேட்கவில்லை. டீக்கடைக்குச் சமூசா இறங்கியது, ஆனால் மேலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம், "மேல் வீட்டு அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். நான் செய்ததை நினைத்து அப்போது வெட்கப்பட்ட அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் வெட்கப்பட்டதில்லை.

ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு அடித்தது. "அம்மாவைக் கூப்பிடுறியா தங்கச்சி?" என்றார் அண்ணன். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கயிற்றை இழுக்கவும் தோன்றவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து, "நல்லாருக்காரு! அத்தே, நல்லாருக்காரு! நல்லாருக்காரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டுப் பெண், தையற்காரர், சீனர் வீட்டுக் கிழவர் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். கரண்டு வந்துவிட்டது என்று நினைத்துக் கடைசி வீட்டில் யாரோ கையும் தட்டினார்கள்.

அத்தை பேசி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, நான் சாவுறது எப்ப? அதை இன்னும் எடுக்கலையே?" என்று கேட்டார்.

அன்று மத்தியானமே எடுத்தோம். சூசூ ஜன்னல் துணியைச் சரிசெய்துகொண்டிருக்க, அத்தை தரையில் பிணமாகப் படுத்தபடி பேசிக்கொண்டேயிருந்தார். "எம் மகனோட அப்பா மேல கப்பல் துறையில மூட்டை விழுந்தப்போ ஒருத்தரு வந்து சொன்னாரு. காலையில எட்டு மணிக்கு வந்தாரும்மா, ஒம்பது மணிக்கு டீ குடிச்சாரும்மா, என்கிட்ட வெத்தலை கேட்டாரும்மான்னு வரிசையாச் சொல்றாரு. நல்ல மனுசன், பாவம். நான் நிக்கிறேன், நிக்கிறேன், கடைசிக்கு வரவே மாட்டேங்குறாரு. அன்னைக்கு நெனைச்சேன். எதுவாயிருந்தாலும் கடைசியை முதல்ல சொல்லிப்புடணும். மத்ததை அப்புறம் உக்காந்து கேட்டுக்கலாம்." கால் ஆடுகிறது அத்தே என்றேன். "ஆடல, ஆடல" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நல்ல பிணமாக இருந்தார்.

காட்சி முடிந்ததும் சூசூ கேமராவை மூடப் போனாள். அத்தை தடுத்தார். செத்த மாதிரி நடித்தவர் அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, சினிமாக்காரர்களே அப்படித்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் ஆகாது என்றார். எழுந்து உட்கார்ந்தார், தலையை ஒதுக்கினார், காவிப் பல் தெரியச் சிரித்துவிட்டு, "எனக்கு ஒன்னுமில்ல" என்றார்.

"இதையும் படத்துல சேர்த்துரு பாப்பா" என்றார் பிறகு. "பாக்குறவங்க வீட்டுலயும் தூர தேசத்துல யாராச்சும் இருப்பாங்கல்ல?"

தாகேதாவில் சூசூவின் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் கரண்டு இருந்த நேரமெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டினோம். சயாமா பார்த்தார். பால்கனி முகம் வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் அத்தை எழுந்து சிரித்தபோது, "இதை எடுத்துவிடுங்கள். கட்டிவைத்த பயமெல்லாம் இதில் கரைந்துபோகிறது. மதிப்பெண் போகும்" என்றார். சூசூ என்னைப் பார்த்தாள். அது இருக்கட்டும் சயாமா என்றேன். சொன்னபடியே மதிப்பெண் போயிற்று. தட்டுத்தடுமாறித் தேறினோம், தட்டச்சு வகுப்பிலிருந்து தப்பித்தேன்.

அத்தை ஒரு விசிடி கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் போனதில்லை. எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அண்ணன் ஊருக்கு வருவார், அவரும் பார்ப்பார்.

மறு வருஷம் வந்தார். வந்த இரண்டாம் நாளே அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படமெடுத்தவள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை விசிடியைத் தள்ளிவிட்டு, "கடைசில சிரிப்பேன், பயப்படாமப் பாரு" என்று சொல்லிவிட்டு மீன் பொரிக்க அடுப்படிக்குப் போனார்.

பால்கனி முகம் வந்தது. அண்ணன் காலை மடக்கினார். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார்.

"அம்மா என்கிட்ட பேசுறப்போ எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் பேசும்" என்றார் மெதுவாக. பிறகு, "இது நடிப்பா தங்கச்சி?" என்று கேட்டார்.

நடிப்புதான் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அத்தையே அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். என்னால் முடியவில்லை. "இல்லண்ணே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் வந்ததாகச் சொன்னது பொய் என்று முதலிலேயே சொன்னேன். புதன்கிழமை, வெறுங்கால், மாவுக் கை, ஞாயிறுவரை படியில் சத்தமில்லாமல் இருந்தது, எல்லாம். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"ஏன்டா பாதியில வந்துட்டே? இனிமேதான் நான் சிரிக்கிறது வருது, போய்ப் பாரு" என்று அத்தையின் குரல் கேட்டது. அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு அத்தை, "விடுடா, எண்ணெ தெறிக்குது" என்றார்.

ஒரு மாதம் இருந்துவிட்டு அண்ணன் மலேசியாவுக்குத் திரும்பினார். அதிலிருந்து ஞாயிறு மட்டுமில்லாமல் புதன்கிழமையும் போன் வர ஆரம்பித்தது. புதன்கிழமைக்கு ஓடுவது என் வேலை என்று அம்மா சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.